டெங்கு ரிப்போர்ட்டில் ‘நெகட்டிவ்’ என்று வந்தால்...

(மழைக்காலம் தொடங்கும் முன் நம் கிளப் ஹவுஸில் நடந்த ஞாயிறு மாலைக் கூட்டத்தில், ‘சி’ பிளாக்கில் வசிக்கும் ஓய்வு பெற்ற லேப் டெக்னீஷியன் பேசியதன் எழுத்து வடிவம். நம் குழந்தைகளுக்கு அவர் ‘லேப் பாட்டி’. “பெயரெல்லாம் போட வேண்டாம், விஷயம் போய்ச் சேர்ந்தால் போதும்” என்று கேட்டுக்கொண்டதால் பெயர் இடம்பெறவில்லை.)

சுண்டல் தாளிக்கிற வாசனை இங்கே வரை வருகிறது. அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

முதலில் ஒன்று. நான் டாக்டர் இல்லை. எந்த மாத்திரை சாப்பிடலாம் என்று என்னைக் கேட்காதீர்கள். முப்பது வருஷம் ரத்த மாதிரிகளோடு வேலை பார்த்தவள். உங்கள் கையில் வருகிற டெங்கு ரிப்போர்ட்டை எப்படிப் படிக்க வேண்டும், எதை அதில் தேடக் கூடாது என்று மட்டும் சொல்கிறேன். அதைச் சொல்ல எனக்கு ஒரு சொந்தக் காரணமும் இருக்கிறது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், நவம்பர் மாதம். என் தம்பி போன் செய்தான். “அக்கா, காய்ச்சல்னு டெங்கு டெஸ்ட் எடுத்தேன். நெகட்டிவ்னு வந்திருக்கு” என்றான். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. “அப்பாடா, அப்ப பயமில்லடா. ஏதாவது சாதாரண வைரல் காய்ச்சலா இருக்கும், ரெஸ்ட் எடு” என்று சொல்லி போனை வைத்துவிட்டேன்.

மூன்று நாள் கழித்துக் காய்ச்சல் விட்டது. சரியாகிவிட்டது என்று ஆபீசுக்குக் கிளம்பியவன், வயிற்று வலி தாங்காமல் மதியமே திரும்பிவிட்டான். சாயங்காலம் பாத்ரூமில் மயங்கி விழுந்தான். கை கால் சில்லிட்டுக் கிடந்தது. ஐ.சி.யூ.வில் நான்கு நாள் இருந்து பிழைத்து வந்தான்.

ஆஸ்பத்திரி வராந்தாவில்தான் அந்தப் பழைய ரிப்போர்ட்டை முதன்முதலாகக் கையில் வாங்கிப் பார்த்தேன். கார்டு டெஸ்ட். ஐ.ஜி.எம். நெகட்டிவ், ஐ.ஜி.ஜி. நெகட்டிவ். ரத்தம் எடுத்தது காய்ச்சலின் இரண்டாம் நாள். அந்த நாளில் அந்த டெஸ்டை எடுத்தால் பெரும்பாலும் அப்படித்தான் வரும். லேப்காரர்கள் தப்பாக ஒன்றும் செய்யவில்லை. தம்பி போன் செய்தபோது நான் இரண்டு கேள்வி கேட்டிருக்க வேண்டும். காய்ச்சல் வந்து எத்தனையாவது நாள்? எந்த டெஸ்ட் எடுத்தாய்? வருஷக்கணக்கில் அதே டெஸ்டைச் செய்தவள், சொந்தத் தம்பியிடம் அதைக் கேட்கவில்லை. நீங்களாவது கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் இன்றைக்கு இந்த மைக்கைப் பிடித்திருக்கிறேன்.

திருடனும் ரிஜிஸ்டரும்

டெங்குவுக்கு நாம் சாதாரணமாக எடுக்கிற ரத்தப் பரிசோதனைகள் இரண்டு வகை. ஒன்று, வைரஸின் பொருளையே தேடுவது. இன்னொன்று, வைரஸை எதிர்த்து நம் உடம்பு தயாரிக்கிற எதிர்ப்பொருளைத் தேடுவது.

நம் குடியிருப்பையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். ராத்திரி ஒரு திருடன் மதில் ஏறிக் குதித்துவிட்டான். அவன் உள்ளே நடமாடிக்கொண்டிருக்கும்போதே தேடினால் அவனுடைய செருப்பாவது கிடைக்கும். ரிஜிஸ்டரைப் புரட்டினால் ஒன்றும் கிடைக்காது. ஏனென்றால் வாட்ச்மேன் அவனைப் பார்த்து, விசாரித்து, எழுதிய பிறகுதான் அதில் பதிவு இருக்கும்.

என்.எஸ்.1 டெஸ்ட் என்பது செருப்பைத் தேடுவது. அது டெங்கு வைரஸ் பெருகும்போது ரத்தத்தில் கலக்கிற ஒரு புரதம். காய்ச்சலின் முதல் நாளிலிருந்தே கிடைக்கும். ஐந்தாம் நாளுக்கு மேல் குறைந்துகொண்டே போய் மறைந்துவிடும்.

ஐ.ஜி.எம்., ஐ.ஜி.ஜி. இரண்டும் எதிர்ப்பொருள்கள். அதாவது ரிஜிஸ்டர் பதிவுகள். ஐ.ஜி.எம். என்பது கேட் மேஜையில் திறந்து வைத்திருக்கிற இன்றைய ரிஜிஸ்டர். உலக சுகாதார நிறுவனத்தின் டெங்கு வழிகாட்டி நூல் சொல்கிற கணக்கு இது: முதன்முறை டெங்கு வந்தவர்களில், காய்ச்சலின் மூன்று முதல் ஐந்து நாளுக்குள் பாதிப் பேருக்குத்தான் ஐ.ஜி.எம். தெரியும். ஐந்தாம் நாளில் 80 சதவீதம் பேருக்கு. பத்தாம் நாளில் 99 சதவீதம் பேருக்கு. அப்படியானால் இரண்டாம் நாளில் ஐ.ஜி.எம். நெகட்டிவ் என்று வந்தால் என்ன அர்த்தம்? ஒரு அர்த்தமும் இல்லை. வாட்ச்மேன் இன்னும் பேனாவையே எடுக்கவில்லை, அவ்வளவுதான்.

ஐ.ஜி.ஜி. என்பது ஆபீஸ் பீரோவில் கட்டி வைத்திருக்கிற பழைய ரிஜிஸ்டர்கள். முதன்முறை டெங்கு வந்தால் ஒரு வாரத்துக்குப் பிறகு மெதுவாக உருவாகி, ஆயுசுக்கும் இருக்கும். ஆனால் கார்டு டெஸ்ட் பலவற்றில், பழைய நோயின் மிச்சமாக இருக்கும் கொஞ்ச ஐ.ஜி.ஜி.க்குக் கோடு விழாது. அளவு எகிறினால்தான் விழும். அதனால் ஐ.ஜி.ஜி. நெகட்டிவ் என்பதை வைத்து “எனக்கு இதுவரை டெங்குவே வந்ததில்லை” என்றும் சொல்லிவிட முடியாது.

இரண்டாம் முறை ஏன் ஆபத்து?

டெங்கு வைரஸில் நான்கு வகை உண்டு. ஒரு வகை வந்துபோனால் அந்த வகை மறுபடி வராது. மற்ற மூன்றும் வரலாம். வேறு வகை இரண்டாம் முறையாக வரும்போது நோய் கடுமையாகிற வாய்ப்பு கூடுகிறது. பழைய எதிர்ப்பொருள் இருந்தும் ஏன் இப்படி? முன்பு வந்தவனுடைய அண்ணன் தம்பி ஒருவன் அதே ஜாடையில் வருகிறான். வாட்ச்மேன் பழைய ஆள்தானே என்று அவரே கேட்டைத் திறந்து விடுகிறார். பழைய எதிர்ப்பொருள் புதிய வகை வைரஸின் மேல் போய் ஒட்டிக்கொள்ளும், ஆனால் அதை முடக்காது. ஒட்டிக்கொண்டதாலேயே அந்த வைரஸ் நம் ரத்த அணுக்களுக்குள் நுழைவது சுலபமாகிவிடுகிறது.

கியூபாவில் இதைத் தெளிவாகப் பார்த்தார்கள். 1977-ல் அங்கே டெங்கு முதல் வகை பரவியது. நோய் பெரும்பாலும் லேசாகவே இருந்தது. 1981-ல் இரண்டாம் வகை வந்தபோது மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு நோய் கண்டு, 158 பேர் இறந்தார்கள். கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர், ஏற்கெனவே முதல் வகை வந்து போனவர்கள்.

என் தம்பி கதையும் அதுதான். ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று எடுத்த டெஸ்டில் ஐ.ஜி.ஜி. கோடு தடிமனாக விழுந்தது. ஐ.ஜி.எம். மங்கலாகத்தான் இருந்தது. இரண்டாம் முறை டெங்கு வந்தால் இப்படித்தான் நடக்கும். ஐ.ஜி.ஜி. சீக்கிரமே எகிறும், ஐ.ஜி.எம். குறைவாக இருக்கும், சிலருக்குத் தெரியாமலே போகும். என்.எஸ்.1 கூட சீக்கிரம் மறையலாம். பல வருஷத்துக்கு முன்னால் ஒரு மழைக்காலத்தில் அவனுக்கு நான்கு நாள் காய்ச்சல் அடித்து, கஷாயம் குடித்துச் சரியானது. அது டெங்கு என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும்?

கார்டும் எலிசாவும்

“பதினைந்து நிமிஷத்தில் ரிசல்ட்” என்று போர்டு வைத்திருப்பார்களே, அது கார்டு டெஸ்ட். சில சொட்டு ரத்தம் விட்டால் கோடு விழும். ‘சி’ என்ற இடத்தில் கோடு விழாவிட்டால் அந்தக் கார்டே செல்லாது. மங்கலான கோட்டை ஒருவர் பாசிட்டிவ் என்பார், இன்னொருவர் நெகட்டிவ் என்பார். நானே பக்கத்து மேஜைக்காரரிடம் காட்டி, “இது கோடா, இல்ல என் கண்ணா?” என்று கேட்டிருக்கிறேன்.

எலிசா வேறு விதம். 96 சிறு குழிகள் உள்ள ஒரு தட்டு. ஐ.ஜி.எம். எலிசாவில், உங்கள் ரத்தத்திலுள்ள ஐ.ஜி.எம். எல்லாம் முதலில் குழியின் அடியில் பிடித்து வைக்கப்படும். பிறகு டெங்கு வைரஸின் புரதத்தை விடுவோம். பிடிபட்டதில் டெங்குவுக்கான ஐ.ஜி.எம். இருந்தால் அந்தப் புரதம் ஒட்டும், இல்லாவிட்டால் கழுவும்போது போய்விடும். ஒட்டியிருந்தால் கடைசியில் நிறம் மாறும். எவ்வளவு மாறியது என்று மெஷின் அளந்து எண்ணாகச் சொல்லும். இதற்குச் சில மணி நேரம் ஆகும். மாதிரிகளைச் சேர்த்து வைத்து ஒரே தட்டில் போடுவார்கள். “ஏன் நாளைக்கு வரச் சொல்றாங்க?” என்று அலுத்துக்கொள்ளாதீர்கள். நம் நாட்டின் அரசு வழிகாட்டுதல், டெங்குவை உறுதிப்படுத்த எலிசா முறையைத்தான் சொல்கிறது. அரசுக் கண்காணிப்பு மருத்துவமனைகளுக்கு ஐ.ஜி.எம். எலிசா கிட் புனேயிலுள்ள தேசிய வைராலஜி நிறுவனத்திலிருந்து வருகிறது. அங்கே டெஸ்ட் இலவசம்.

பாசிட்டிவ் என்றாலும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஐ.ஜி.எம். இரண்டு மூன்று மாதம் ரத்தத்தில் இருக்கும். நவம்பரில் தெரியாமல் வந்துபோன டெங்குவின் ஐ.ஜி.எம்., ஜனவரிக் காய்ச்சலின்போது எட்டிப் பார்க்கலாம். அப்போதைய காய்ச்சலுக்குக் காரணம் எலிக்காய்ச்சலாக இருக்கலாம், ஸ்க்ரப் டைபஸாக இருக்கலாம். இவற்றுக்கு ஆன்டிபயாடிக் தேவை. டெங்கு என்று முடிவு கட்டிவிட்டு இவற்றைக் கவனிக்காமல் விட்டால் அதுவும் ஆபத்து. மூளைக்காய்ச்சல் வைரஸ், ஜிகா வைரஸ் போன்ற டெங்குவின் சொந்தக்காரர்களுக்கு எதிரான எதிர்ப்பொருளும் சில சமயம் டெங்கு என்று காட்டிவிடும்.

சரி, என்ன செய்வது?

ஒன்று, நாளை எண்ணுங்கள். காய்ச்சல் ஆரம்பித்த நாள்தான் முதல் நாள். தேதியையும் நேரத்தையும் ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். தனியாக இருக்கும் பெரியவர்கள் பக்கத்து வீட்டில் சொல்லி வையுங்கள்.

இரண்டு, நாளுக்கு ஏற்ற டெஸ்ட். முதல் ஐந்து நாளுக்குள் என்றால் என்.எஸ்.1. ஐந்தாம் நாளுக்கு மேல் என்றால் ஐ.ஜி.எம். நடுவில் நான்கு, ஐந்து, ஆறாம் நாள்களில் இரண்டும் சேர்த்து எடுப்பது நல்லது. லேபில் “டெங்கு டெஸ்ட்” என்று மொட்டையாகச் சொல்லாதீர்கள். டாக்டர் எழுதிய சீட்டைக் காட்டுங்கள், எத்தனையாவது நாள் என்பதையும் சொல்லுங்கள்.

மூன்று, நெகட்டிவ் என்று வந்தும் காய்ச்சல், உடம்பு வலி, கண்ணுக்குப் பின்னால் வலி எல்லாம் அப்படியே இருந்தால், டாக்டரைக் கேட்டு ஓரிரு நாளில் மறுபடி எடுங்கள். வைத்தியம் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருப்பதில்லை. நல்ல டாக்டர் ஆளைப் பார்த்துத்தான் முடிவெடுப்பார்.

நான்கு, எந்த டெஸ்ட் எடுத்தாலும் கூடவே ரத்த அணுக்கள் எண்ணிக்கை எடுப்பார்கள். எல்லோரும் பிளேட்லெட்டை மட்டும் பார்த்துப் பதறி வாட்ஸ்அப்பில் போடுகிறோம். அதே தாளில் பி.சி.வி. என்று ஒரு எண் இருக்கும். பிளேட்லெட் இறங்கும்போது பி.சி.வி. ஏறினால், ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிகிறது என்று பொருள். டெங்குவில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் இந்தக் கசிவுதான். இதை டாக்டரிடம் கேளுங்கள்.

ஐந்து, இதுதான் முக்கியம். காய்ச்சல் விடுகிற நேரம்தான் டெங்குவில் ஆபத்தான நேரம். பொதுவாக மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் வரும். அப்போது விடாத வயிற்று வலி, திரும்பத் திரும்ப வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், அளவுக்கு மீறிய சோர்வு அல்லது நிலைகொள்ளாமை, சிறுநீர் குறைவது, கை கால் சில்லிடுவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் ரிப்போர்ட்டைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள். நெகட்டிவ் ரிப்போர்ட்டே கையில் இருந்தாலும் சரி, நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

டெங்குவா இல்லையா என்று தெரிகிற வரை, வலிக்கு ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் ஊசி எதுவும் நீங்களாக வேண்டாம். ரத்தக் கசிவைக் கூட்டும். கஞ்சி, இளநீர், மோர், ஓ.ஆர்.எஸ். நிறையக் கொடுங்கள்.

ஒரு வீட்டுக்கு வந்தால்

டெங்கு கொசு பகலில் கடிக்கிறது. பொதுவாகப் பிறந்த இடத்திலிருந்து சில நூறு மீட்டர் தாண்டுவதில்லை. ஆகவே நம்மில் ஒருவருக்குப் பாசிட்டிவ் என்றால், அந்தக் கொசு நம் வளாகத்திலேயே இருக்கலாம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். லிஃப்ட் பள்ளம், மூடியில்லாத சம்ப், ஏ.சி. தண்ணீர் விழும் பக்கெட், ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் உள்ள ட்ரே, மணி பிளான்ட் பாட்டில் எல்லாம் அதற்குத் தொட்டில். முட்டை கொசுவாக எட்டுப் பத்து நாள் போதும். வாரம் ஒரு நாள் கொட்டித் தேய்த்துக் கழுவினால் அது வளராது. தேய்ப்பது அவசியம், ஏனென்றால் ஒட்டிய முட்டை தண்ணீர் வற்றினாலும் மாதக்கணக்கில் சாகாது.

அதனால் பாசிட்டிவ் என்று வந்தால் அசோசியேஷன் ஆபீசில் சொல்லுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒரு வீட்டு ரிப்போர்ட் பக்கத்து வீட்டுக் குழந்தையைக் காப்பாற்றும்.

என் தம்பி இப்போது யார் வீட்டில் காய்ச்சல் என்றாலும் எனக்குப் போன் செய்து முதல் வார்த்தையாகச் சொல்வது, “அக்கா, இன்னைக்கு மூணாவது நாள்.” அதற்குப் பிறகுதான் யாருக்குக் காய்ச்சல் என்றே சொல்வான். நீங்களும் அப்படிச் சொல்லப் பழகிக்கொள்ளுங்கள்.

உரைக்குப் பின் கேட்கப்பட்ட சில கேள்விகள்

கேள்வி: ஐ.ஜி.ஜி. மட்டும் பாசிட்டிவ் என்று வந்திருக்கிறது. பயப்பட வேண்டுமா?

பதில்: காய்ச்சல் இல்லை என்றால், என்றைக்கோ வந்துபோயிருக்கிறது என்று பொருள். வைத்தியம் தேவையில்லை. இப்போது காய்ச்சலும் இருந்தால் அது இரண்டாம் முறை டெங்குவாக இருக்கலாம். அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.

கேள்வி: வீட்டில் ஒருவருக்கு வந்தால் எல்லோரும் டெஸ்ட் எடுக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். காய்ச்சல் வந்தவர் மட்டும் எடுத்தால் போதும். ஆனால் நோயாளியைக் கொசு வலைக்குள் படுக்க வையுங்கள். அவரைக் கடித்த கொசுதான் மற்றவருக்குக் கொண்டுபோகும்.

கேள்வி: பிளேட்லெட் 60,000 என்றால் உடனே ஏற்ற வேண்டாமா?

பதில்: அந்த எண்ணை மட்டும் பார்த்து ஏற்றுவதில்லை. ரத்தக் கசிவு இருக்கிறதா, எண்ணிக்கை மிகவும் கீழே போய்விட்டதா என்பதைப் பார்த்து டாக்டர் முடிவு செய்வார். பெரும்பாலானோருக்கு அது தானாகவே ஏறிவிடும்.

கேள்வி: பப்பாளி இலைச் சாறு, நிலவேம்புக் கஷாயம் கொடுத்தால் டெஸ்ட் தேவையில்லை என்கிறார்களே?

பதில்: கஷாயம் குடிப்பதும் குடிக்காததும் உங்கள் விருப்பம். டாக்டரிடம் மட்டும் மறைக்காதீர்கள். ஆனால் அது டெஸ்டுக்கோ டாக்டருக்கோ பதிலாகாது. என் தம்பியும் அந்த மூன்று நாளும் கஷாயம் குடித்தான்.

கேள்வி: தடுப்பூசிக்கு முன்பு ஏதோ ரத்தப் பரிசோதனை என்று படித்தேன். எதற்கு?

பதில்: 2015-ல் முதன்முதலாக அனுமதி பெற்ற டெங்கு தடுப்பூசியை, முன்பு டெங்கு வராதவர்களுக்குப் போட்டால் பின்னால் நோய் கடுமையாகலாம் என்று அதைத் தயாரித்த நிறுவனமே 2017-ல் அறிவித்தது. ஊசியே முதல் டெங்கு போல வேலை செய்துவிடுகிறது. அதனால்தான் அந்த ஊசிக்கு முன் ஐ.ஜி.ஜி. பார்க்கச் சொன்னார்கள். வாட்ச்மேன் கதையை நினைத்துப் பாருங்கள், புரியும்.

(குடியிருப்போர் கவனத்துக்கு: வீட்டில் யாருக்காவது டெங்கு என்று தெரிந்தால் அசோசியேஷன் ஆபீசில் பிளாக் எண்ணை மட்டும் சொன்னால் போதும். பெயர் வெளியிடப்படாது. அன்றே அந்த பிளாக்கில் தண்ணீர் தேங்கிய இடங்கள் பார்க்கப்படும். காய்ச்சல் ஆரம்பித்த தேதியை எழுதி ஒட்ட, இந்த இதழின் கடைசிப் பக்கத்தில் ஒரு சிறு அட்டவணை கொடுத்திருக்கிறோம்.)